ஆங்கில வகுப்பில் கூட்டுக் கவிதை

அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி ஆகிய எவ்விடத்தும் பலர் கூடிச் செயலாற்றினால்தான் பணி நிறைவேறும். பள்ளியிலோ மாணவர் தனியே படித்து, தனியே தேர்வெழுதி, தனியே மதிப்பெண் பெறுகின்றனர். பல ஆண்டுகள் இவ்வாறு பழகியவரிடம், வேலையில் சேர்ந்த மறுநாளே ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது பொருந்தாது. ஒத்துழைப்பும் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்றே. அதனைக் கற்பிக்க ஆங்கில வகுப்பில் ஓர் எளிய வழி உண்டு: மாணவர் கூடிக் கவிதை எழுதுதல்.

எல்லைப்புற வகுப்பறை

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. அவ்வட்டத்தைச் சேர்ந்த திருப்புறம், பாறசாலை முதலிய எல்லைப்புற ஊர்ப் பகுதியில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. ஆங்கிலமோ பெரும்பாலும் வகுப்பறைக்குள் மட்டுமே கேட்கும் மொழி. வீட்டில் ஆங்கிலம் அறிந்தோர் உள்ள பிள்ளை கை உயர்த்தும். மற்றப் பிள்ளை பிழை நேருமென்று அஞ்சி வாய் திறவாது. இந்த அச்சம் பின்னாளில் உயர்கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் இழப்பாக முடிகிறது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், 2007ஆம் ஆண்டின் கேரளக் கலைத்திட்ட வடிவமைப்பும் மனப்பாடத்தை விடுத்து, மாணவர் தாமே அறிவை ஆக்கிக்கொள்வதை வலியுறுத்தின. உரையாடல், நாட்குறிப்பு, கடிதம், கவிதை ஆகியவற்றை மாணவர் முதலில் தனியாக எழுதி, பின்பு குழுவில் பகிர்ந்து, இறுதியில் வகுப்பு முழுவதும் கூடித் திருத்தும் முறை கேரள ஆங்கில வகுப்புகளில் இடம்பெற்றது.

பதினொரு சொற்கள்

கவிதையின் அடி சிறியது. இரண்டு மூன்று சொற்கள் அறிந்தவரும் ஓர் அடி தர இயலும். ஐந்தடி வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொருள் நெய்யாறு என்க. முதல் மாணவர் ஒரு பெயர்ச்சொல்லையும், இரண்டாமவர் இரண்டு பெயரடைகளையும், மூன்றாமவர் மூன்று வினைச்சொற்களையும், நான்காமவர் நான்கு சொல் தொடர் ஒன்றையும், ஐந்தாமவர் ஆற்றுக்குப் புதுப்பெயராகும் ஒரு சொல்லையும் எழுதுவர். மொத்தம் 11 சொற்கள். 40 மாணவர் உள்ள வகுப்பில் எட்டுக் குழுக்கள், எட்டுக் கவிதைகள்.

இரண்டாமவர் மழைக்கால வெள்ளத்தின் சினத்தை எழுத, மூன்றாமவர் ஆறு உறங்குவதாக எழுதினால் கவிதை முரண்படும். இருவரும் பேசி, ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். அல்லது இரண்டையும் இணைக்கும் சொல்லை நான்காமவர் தேட வேண்டும். ஒத்துழைப்புப் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கவனிக்க வேண்டியவை

குழுவாக அமர்த்துவது மட்டும் போதாது. வல்லவர் ஒருவர் எழுத, ஏனையோர் பெயரை மட்டும் சேர்க்கும் நிலை எளிதில் வரும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் கறுப்பின, வெள்ளையின மாணவரிடையே பகைமை நிலவிய காலத்தில், 1971இல் எலியட் ஆரன்சன் என்னும் உளவியல் அறிஞர் பாடத்தைப் பகுதிகளாக்கி ஒவ்வொருவரிடமும் ஒரு பகுதியைத் தந்தார். ஒருவரின்றி மற்றவர் பாடத்தை முடிக்க இயலாது என்பதே அம்முறையின் அடிப்படை.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. நடக்க இயலாத ஒருவரும் பார்வையற்ற ஒருவருமாகிய இரட்டைப் புலவர், வெண்பாவின் முற்பகுதியை ஒருவர் தொடங்க, பிற்பகுதியை மற்றவர் முடித்தனர் என மரபு கூறும்.

ஆகவே அடிகளை முறை மாற்றித் தருதல் வேண்டும். இன்று முதலடி எழுதியவர் நாளை ஐந்தாம் அடி எழுதட்டும். மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கவிதைக்கும், மறுபகுதியைத் தாம் எழுதாத ஓர் அடியை விளக்கும் திறனுக்கும் வழங்கலாம். அப்போது பிறர் சொல்லைக் கேட்பது ஒவ்வொருவருக்கும் கடமையாகும். சொல் தேடும்போது தாய்மொழியில் கலந்து பேசவும் இடம் தர வேண்டும்.

இதற்குப் புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை. ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இடமும், கால அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளையும், வகுப்பில் எழும் பேச்சொலியைக் குற்றமாகக் கருதாத மேற்பார்வையும் இருந்தால் போதும். வாய் திறவாத பிள்ளையின் ஒரு சொல்லுக்காக நான்கு பேர் காத்திருக்கும் வகுப்பறை, நாளைய குடிமக்களை உருவாக்கும் பயிற்சிக்களமாகும்.