மீனுக்கு உயிர் இல்லையா?

சென்ற தவக்காலத்தில், நன்னெறி வகுப்பில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், வெள்ளிக்கிழமை கறி சாப்பிடக் கூடாது, மீன் சாப்பிடலாம் என்கிறார்களே, மீனுக்கு உயிர் இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடும் கேள்வியன்று. மணி அடித்துவிட்டதால் அன்று சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நம் பாட்டிமார் 'சுத்தபோசனம்' என்று சொல்லிக் காத்து வந்த இவ்வழக்கம் கொல்லாமைக்காக ஏற்பட்டதன்று, தவத்திற்காக ஏற்பட்டது. ஆண்டவர் உயிர்விட்ட கிழமையில் நமக்குப் பிரியமான ஒன்றை நாம் விடுகிறோம். மேனாட்டார் 'இறைச்சி' என்றபோது நிலத்தில் வாழும் விலங்கு, பறவைகளின் சதையையே கருதினர். அவற்றின் இறைச்சியும், பாலும், முட்டையும் நாவுக்கு அதிக இன்பமும் உடலுக்கு அதிக ஊட்டமும் தருவதால் விலக்கப்பட்டன என்று 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் விளக்கினார். மீனுக்கு உயிர் இல்லை என்று அவர் சொல்லவில்லை. மீன் எளிய உணவு என்றே எண்ணினார். பால், முட்டைக்கு இருந்த விலக்கு பின்னர் நீங்கியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, 14 வயது நிறைந்தவர்கள் வெள்ளிதோறும் இறைச்சியையோ, ஆயர் பேரவை குறிக்கும் வேறோர் உணவையோ தவிர்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பினரே, இது உங்களில் பலருக்கு இப்போதுதான் தொடங்குகிறது!

நம் தமிழோ இவ்வாறு கோடு கிழிப்பதில்லை. 'புலால்' என்றால் ஆட்டிறைச்சியும் அதுவே, மீனும் அதுவே. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும் நீர்வாழ்வனவற்றுக்கு விலக்கு அளிக்கவில்லை. நம் மலையடிவாரத்தில், போளூர்ப் பக்கம் உள்ள திருமலை, சமணரின் பழம்பெரும் தலம். நெறி தவறாத சமணர் மீனை மட்டுமா, நாம் பெருமையோடு விற்கும் தேனையும் தொடுவதில்லை. வங்காளத்திலோ பிராமணர் வீட்டுத் திருமணத்திலும் மீன் உண்டு.

ஆகவே, "உயிரிடத்து இரக்கத்தால் கறியை விட்டேன், மீன் மட்டும் உண்கிறேன்" என்பவர் வேறு காரணம் தேட வேண்டும். மீனும் வலியை உணர்கிறது என்பதற்கு 2003இல் ஸ்காட்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் சான்று காட்டினர். ஓர் ஆடு ஒரு விருந்துக்கே போதும். ஒரு தட்டு நெத்திலி வறுவலில் எத்தனை உயிர் என்று எண்ணிப் பாருங்கள். இழுவலையில் வேண்டாத குஞ்சுகளும் சேர்ந்தே வருகின்றன. மீன்வளம் காக்கவே நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகளுக்குத் தடை. 2025இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 20 அன்று வந்ததால், புனித வாரத்திலேயே தடை தொடங்கிவிட்டது.

இதனால் மீன் உண்பது பாவம் என்று யாரும் கொள்ள வேண்டாம். பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிப் பிழைத்தவர்கள். உயிர்த்த ஆண்டவரே சீடர் முன்பாக மீன் உண்டார் என்று லூக்கா எழுதுகிறார்.

என் மனத்தை உறுத்துவது வேறு. சமவெளியிலுள்ள எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையென்றால் வஞ்சிர வறுவல். ஆட்டிறைச்சிக்குக் குறையாத விலை. ஞாயிற்றுக்கிழமையைவிடச் சமையற்கட்டில் வேலை அதிகம். கறியை விட்டு மிச்சம் பிடிக்கும் காசு ஏழைக்குச் சேர வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் காசு மீன்காரரிடம் சேர்ந்தது. சட்டம் நிறைவேறியது, தவத்தைத்தான் காணோம்.

கேள்வி கேட்ட மாணவியோ ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு மலைக் கிராமத்துப் பெண். சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான் வீட்டில். கறி என்பது திருவிழாவுக்கு மட்டும். அவளுக்கு வெள்ளிக்கிழமை எதை விடச் சொல்வது? "நீ வேறு எதையும் தேட வேண்டாம், பக்கத்துத் தோழிக்குப் பாடம் சொல்லிக் கொடு, அது போதும்" என்று மறுநாள் சொன்னேன்.

அவள் தலையாட்டிவிட்டு, "சந்தையில் வாங்கும் கருவாடு?" என்றாள்.

"தாராளமாகச் சாப்பிடு" என்றேன். "டீச்சர் வீட்டு வஞ்சிரம்?" என்று அவள் கேட்கவில்லை. இந்த ஆண்டு தவக்காலத்திற்கு எங்கள் வீட்டில் பருப்புக் குழம்பு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை.