திறப்பைத் திருப்பியும் இயங்காத கார்

பரீட்சை நாள் காலை. வாப்பா திறப்பைத் திருப்பினார். ‘டிக்’ என்ற சத்தம் மட்டுமே வந்தது. “லைட் எரியுதே, பற்றரி நல்லாத்தானே இருக்கு?” என்றார் உம்மா. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

முன்விளக்குகளுக்கு ஏறத்தாழ 10 அம்பியர் மின்னோட்டம் போதும். எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 அம்பியருக்கு மேல் வேண்டும். பாதையில் 0.04 ஓம் தடை இருந்தால், 10 அம்பியருக்கு 0.4 வோல்ற்றுதான் இழப்பு. விளக்குக்கு அது தெரியவே தெரியாது. 150 அம்பியர் செல்ல முயன்றால் 6 வோல்ற்று, அதாவது பற்றரியின் பாதி, அங்கேயே போய்விடும். பௌதிகவியலில் மனனம் செய்கிறோமே, அந்த அகத்தடைக் கணக்குத்தான்!

ஆகவே திறப்பைத் திருப்பும்போது விளக்கைப் பாருங்கள். மங்கினால் பற்றரியையோ அதன் முனைகளையோ சந்தேகிக்கலாம். மங்காமல், சத்தமும் இல்லையென்றால் கியர் சரியான இடத்தில் உள்ளதா எனப் பார்த்து, பிறகு ஸ்டார்ட்டரை நோக்குங்கள். எஞ்சின் வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையென்றால் பெற்றோலோ தீப்பொறியோ வரவில்லை.

எங்கள் காரில் விளக்கு மங்கியது. பற்றரி முனையில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வாப்பா கையுறை அணிந்து, மறைமுனையை முதலில் கழற்றினார். நேர்முனையில் தொடங்கி ஸ்பேனர் காரின் உடலில் பட்டால் குறுஞ்சுற்று ஏற்படும். இரு முனைகளையும் சுரண்டி இறுக்கினார். மறைமுனையைக் கடைசியாகப் பூட்டினார்.

புதுப் பற்றரி வாங்கும் செலவு மிஞ்சியது. மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் நான் மண்டபத்தில் இருந்தேன்.