குளத்தைத் திருத்தும்போது காட்டு உயிர்களையும் நினைப்போம்



பல ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, "குளம் எப்படி இருக்கிறது?" என்பதையே. கட்டு உடைந்திருக்கும், துரிசு தூர்ந்திருக்கும், அலைகரையில் பற்றை மண்டியிருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியாக்கி, இந்தப் பெரும்போகத்துக்கே விதைத்துவிட வேண்டுமென்று மனம் துடிக்கும். அது நியாயமான ஆசை. ஆனால் நாம் இல்லாத காலத்தில் அங்கே யானையும் மானும் மயிலும் நீர்ப்பறவைகளும் குடிவந்துவிட்டன. அவற்றின் தண்ணீரையும் காட்டையும் முற்றாகப் பறித்தால், அவை நம் வயலுக்குள்ளேயே வந்து நிற்கும். ஆகவே, இந்த யோசனை பெக்கோ இயந்திரம் குளத்தில் இறங்குவதற்கு முன்னரே வரவேண்டும்.

மகாவலி தந்த பாடம்

1970களின் இறுதியில் துரித மகாவலித் திட்டம் தொடங்கியது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல, மாதுறு ஓயா முதலிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. யானைகள் நடமாடிய காடுகள் பல வயல்களாகவும் குடியேற்றங்களாகவும் மாறின. இடமிழந்த விலங்குகளுக்காக மாதுறு ஓயா (1983), வஸ்கமுவ (1984) போன்ற தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. இது நல்ல முயற்சியே. ஆயினும் வரைபடத்தில் கீறிய எல்லை யானைக்குத் தெரியாது. தாய் வழியாகப் பழகிய பாதையிலேயே அது தண்ணீரைத் தேடி வரும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 2019 ஆம் ஆண்டில் மட்டும் யானை–மனித மோதலில் நம் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 120 மனிதர்களும் இறந்தனர். இறந்தவர்களில் நம்மைப் போன்ற ஏழை விவசாயிகளே அதிகம்.

முன்னோரின் ஒழுங்கு

வரண்ட வலயத்துப் பழைய குளங்கள் தனித்தனியாக அமைந்தவை அல்ல. ஒன்றின் கழிவுநீர் அடுத்ததற்குப் பாயும்படி தொடராக அமைந்தவை. வயற்குளத்துக்கு மேலே, காட்டுக்குள் ஒரு சிறு குளம் இருக்கும். அதில் பாய்ச்சல் இல்லை. அது வண்டலைத் தடுக்கும். விலங்குகளுக்குத் தண்ணீர் கொடுக்கும். சிங்கள விவசாயிகள் இதனைக் குளுவெவ என்பார்கள். அலைகரை மரங்கள் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும். அதன் புற்தரை வண்டலை வடிக்கும். கட்டின் கீழ்ப்புறப் பற்றைக்காடு, கசியும் நீரிலுள்ள உப்பு வயலுக்குப் போகாமல் காக்கும். 2017 இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இந்தக் குளத்தொடர் முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

நாம் செய்யக்கூடியவை

1. வேலைக்கு முன் ஊர்ப் பெரியவர்களோடும் வேட்டை, தேன், விறகுக்குக் காடு போய்ப் பழகியவர்களோடும் குளத்தைச் சுற்றி நடப்போம். யானைப் பாதை, பறவைகள் கூடு கட்டும் மரம், காட்டுக்குளம் ஆகியவற்றைக் குறித்து, பொறியியலாளரிடம் கொடுப்போம்.

2. கட்டின்மேல் வேரோடி அதைப் பிளக்கும் மரங்களை அகற்றலாம். அலைகரை மரங்களை விட்டுவைப்போம்.

3. தூர் அள்ளும்போது குளத்தை முற்றாக வற்றடிக்க வேண்டாம். ஆழமான மூலையில் தண்ணீர் நின்றால் மீனும் ஆமையும் பிழைக்கும். அளவுக்கு மிஞ்சித் தோண்டினால் அடிக்களி அறுந்து குளமே ஒழுகும்.

4. அள்ளிய மண்ணில் ஒரு பகுதியைக் குளத்துக்குள் திட்டாகக் குவித்து மருது நட்டால் நாரைக்கும் கொக்குக்கும் இடமாகும்.

5. செங்குத்தான சீமெந்து வாய்க்காலில் விழும் விலங்கு ஏறமாட்டாது. இடையிடையே சரிவான கரை அமைக்கும்படி கேட்போம்.

6. கட்டில்லாத தோட்டக் கிணறுகளிலும் கைவிட்ட கிரவல் குழிகளிலும் யானைக்கன்றும் விழும், நம் பிள்ளையும் விழும். கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவோம், குழியை மூடுவோம்.

இவற்றிற் பலவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒப்பந்தம் எழுதுமுன் கமக்காரர் அமைப்பு கூடித் தீர்மானம் எடுத்து, கமநல சேவை நிலையத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவித்தால் போதும். வேலை முடிந்தபின் கேட்டால் எவரும் திருப்பிச் செய்யமாட்டார்கள்.

வீட்டையும் கிணற்றையும் விட்டு ஓடுவது என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் திரும்புகிற நாளில் இன்னொரு கூட்டத்தை அவ்வாறு ஓடவைக்காமல் இருப்போம். அதனால் நம் வயலும் உயிரும் காக்கப்படும்.

கலந்துரையாடலுக்கு

1. நம் ஊர்க் குளத்துக்கு மேலே காட்டுக்குளம் இருந்ததா? இன்று அது யார் கையில் இருக்கிறது?

2. கோடையில் விலங்குகள் எங்கே தண்ணீர் குடிக்கின்றன?

3. திருத்த வேலை பற்றிய கூட்டத்தில் நம் சார்பில் பேசப்போவது யார்? பெண்களும் அதில் இருப்பார்களா?