டைவிங் ஷோவில் வேலை வேண்டுமா?

போட்டி டைவிங்கில் பதக்க வயது சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகு பலர் நீச்சல் குளத்தையே மறந்துவிட்டு வேறு வேலை தேடப் போகிறார்கள். பத்து ஆண்டு பயிற்சி வீணாகிறது. அந்த வித்தைக்கு மாதச் சம்பளம் தரும் மேடைகள் உலகில் இருக்கின்றன. அவற்றை எட்டும் வழி நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

வேலை எங்கே இருக்கிறது?

முதலாவது, நிலையான அரங்குகள். லாஸ் வேகஸின் பெல்லாஜியோ ஹோட்டலில் சர்க் டு சொலே நிறுவனத்தின் 'ஓ' என்ற ஷோ 1998 முதல் நடக்கிறது. மக்காவு நகரில் 2010-ல் தொடங்கிய 'தி ஹவுஸ் ஆஃப் டான்சிங் வாட்டர்' 2020-ல் நின்று, 2025-ல் மீண்டும் திறந்தது. துபாயில் 'லா பெர்ல்' 2017-ல் தொடங்கியது.

இரண்டாவது, சொகுசுக் கப்பல்கள். ராயல் கரீபியன் நிறுவனம் 2009-ல் 'ஓயசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலில் அக்வா தியேட்டர் என்ற நீர் அரங்கைக் கட்டியது. அங்கே டைவர்கள் 10 மீட்டர் மேடையிலிருந்து பாய்கிறார்கள். ஒப்பந்தம் சில மாதங்களுக்கு இருக்கும். தங்குமிடமும் சாப்பாடும் கப்பலிலேயே.

மூன்றாவது, அமெரிக்க, ஐரோப்பியப் பொழுதுபோக்குப் பூங்காக்கள். கோடைக்காலம் மட்டும் நடக்கும் ஷோக்கள் இங்கே அதிகம். சம்பளம் குறைவுதான். ஆனால் புதியவர்கள் உள்ளே நுழைய எளிதான வாசல் இதுவே.

என்ன திறமை கேட்கிறார்கள்?

3 மீட்டர் ஸ்பிரிங்போர்டும் 10 மீட்டர் மேடையும் அடிப்படை. 10 மீட்டரிலிருந்து விழும் உடல் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடும். உலகப் போட்டிகளில் ஆண்களுக்கான ஹை டைவிங் உயரம் 27 மீட்டர். அங்கே வேகம் 80-ஐத் தாண்டும். அந்த உயரத்தில் தலைகீழாக நுழைவது ஆபத்து என்பதால் கால்தான் முதலில் இறங்கும். எனவே உயரத்தைப் படிப்படியாக, பயிற்சியாளர் பார்வையில் மட்டுமே கூட்ட வேண்டும். கிணற்றிலும் குவாரியிலும் குதித்து வந்த துணிச்சல் இந்தத் தொழிலுக்குப் போதாது. ஆழம் தெரியாத தண்ணீரில் பழகவே பழகாதீர்கள்.

அடுத்து, இரண்டாவது வித்தை ஒன்று கட்டாயம் வேண்டும். டிராம்போலின், ஜிம்னாஸ்டிக்ஸ், அந்தரத்தில் தொங்கும் சாகசம், கோமாளித்தனம் என எதுவாகவும் இருக்கலாம். குழு சிறியது, ஒருவரே இரண்டு மூன்று காட்சிகளில் வர வேண்டியிருக்கும். ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் இன்னும் நல்லது. 'ஓ' அரங்கில் கலைஞர்கள் நீருக்கடியில் காத்திருக்கும்போது, அங்குள்ள ஸ்கூபா பணியாளர்கள் நீட்டும் காற்றுக் குழாயில் மூச்செடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் நடந்து போன தரை கீழிறங்கி ஆழ்குளமாகிவிடும். எந்த இசைத் துணுக்கில் எங்கே தரை, எங்கே தண்ணீர் என்பது உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும்.

'ஓ' அரங்கில் வழக்கமாக ஓர் இரவுக்கு இரண்டு காட்சிகள், வாரத்தில் ஐந்து நாள். ஆகவே தேர்வாளர் முதலில் தேடுவது, எளிய டைவையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, காயமில்லாமல் செய்து முடிப்பவரை. கடினமான டைவை ஒரே ஒரு முறை சாதித்தவருக்கு இரண்டாவது இடம்தான்.

வீடியோவை எப்படி எடுப்பது?

இரண்டு மூன்று நிமிடம் போதும். சிறந்த டைவ் முதல் இருபது வினாடிக்குள் வந்துவிடட்டும். புறப்படும் பாதம் முதல் தண்ணீரில் நுழையும் கணம் வரை முழு உடலும் தெரிய வேண்டும். ஸ்லோ மோஷனும் அலங்கார வெட்டுகளும் வேண்டாம். நுழைவை மறைத்தால் அதில்தான் குறை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு டைவின் உயரத்தையும் எழுத்தில் காட்டுங்கள். நடிப்பு, நடனம், இரண்டாவது வித்தை ஆகியவற்றைக் கடைசியில் சேருங்கள். பயோடேட்டாவில் உயரம், எடை, கைவசமுள்ள டைவ்கள், பழைய காயங்கள், பேசும் மொழிகள், பாஸ்போர்ட் காலாவதித் தேதி எல்லாம் இருக்கட்டும். காயத்தை மறைப்பது உங்களுக்கே ஆபத்து. பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன, நேரடியாக அனுப்புங்கள்.

கையெழுத்துக்கு முன்

வாரத்துக்கு எத்தனை காட்சி, ஒத்திகைக்குச் சம்பளம் உண்டா, அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, குணமாகும் வரை வருமானம் என்ன, விமான டிக்கெட் யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தண்ணீருக்குள் மீட்பு ஸ்கூபா வீரர்கள் நிற்பார்களா என்பதும் முக்கியமான கேள்வி. ஹை டைவிங்கில் தண்ணீருக்குள் போன டைவர் மேலே வந்து, "நலம்" என்று கையால் சைகை காட்டும் வரை அவர்களின் கண் அவர் மேலேயே இருக்கும். இந்த ஏற்பாடு இல்லாத உயர மேடையில் ஏறாதீர்கள்.

கப்பல் வேலைக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சியும் மருத்துவச் சான்றும் தேவை. கலைஞராக இருந்தாலும் அவசர நேரத்தில் பயணிகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலையில் சேர்ப்பதற்காகக் கப்பல் பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கப்பலுக்கு ஆள் எடுக்கும் இந்திய முகவரிடம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். துபாய் போன்ற நிலப்பகுதி வேலை என்றால் முகவர் இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று சரிபாருங்கள்.

நாளைக்கும் ஒரு வழி

லாஸ் வேகஸின் 'லே ரேவ்' 2005-ல் தொடங்கி, 2020 பெருந்தொற்றில் ஒரேயடியாக மூடப்பட்டது. எந்த ஷோவும் நிரந்தரம் இல்லை. வேலையில் இருக்கும்போதே பயிற்சியாளர் சான்றிதழ், கயிறு - கம்பி அமைக்கும் மேடைத் தொழில்நுட்பம், ஸ்கூபா மீட்பு இவற்றில் ஒன்றைக் கற்றுவிடுங்கள். ஷோவிலிருந்து போட்டிக்கும் வழி உண்டு: 2013-ல் பார்சிலோனாவில் ஆண்கள் ஹை டைவிங்கின் முதல் உலகச் சாம்பியனான கொலம்பியாவின் ஓர்லாண்டோ டூகே, ஷோ டைவராக வேலை பார்த்தவர்தான்.

டைவிங் பலகையில் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பதக்கம் வராத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு டிராம்போலினும் ஸ்கூபாவும் கற்றுக்கொடுங்கள், நல்ல வீடியோ ஒன்று எடுத்துக்கொடுங்கள்.