இணையவழிக் கல்வியும் முகவர்வழி மாதிரியாக்கமும்

கல்வியை ஆராயப் புகுந்த பவணந்தி முனிவர், நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடங்கேட்கும் முறை என ஐந்தாகப் பகுத்து நன்னூலின் பொதுப்பாயிரத்தில் விளக்கினார். கற்பிக்கும் பொருளோடு அமையாது, கற்பிப்போரையும் கற்போரையும் தனித்தனியே நோக்கியமை கருதத்தக்கது. இணையவழிக் கல்வி அமைப்புகளை உருவாக்குவோர்க்கும் இந்நோக்கு இன்றியமையாதது. அதற்குத் துணைபுரிவதே முகவர்வழி மாதிரியாக்கம்.

தேவை திரட்டல்

மென்பொருளை எழுதுமுன், அது யாருக்கு என்ன செய்தல் வேண்டும் என அறுதியிடுவது தேவை திரட்டல் எனப்படும். 'வருகைப் பதிவு வேண்டும். தேர்வுப் பகுதி வேண்டும்' எனப் பட்டியலிடுவதோடு இது பலவிடத்தும் முடிந்துவிடுகிறது. ஏன் வேண்டும், யாருக்கு வேண்டும் என்பன கேட்கப்படுவதில்லை.

முகவரும் குறிக்கோளும்

நோக்கத்தோடு தாமே செயற்படும் எவரும், எதுவும் இங்கு முகவர் எனப்படுவர். மாணவரும் முகவரே, மாணவர்க்குத் தாமே நினைவூட்டல் அனுப்பும் மென்பொருளும் முகவரே. ஒருவர் மற்றவரை எதற்காகச் சார்ந்துள்ளார் என்று வரையும் முறையை எரிக் யூ என்பார் 1995-இல் டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வேட்டில் வகுத்தார். லியோன் ஸ்டெர்லிங், குல்தார் தவேதர் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அவர்தம் முறையில் குறிக்கோளை இணைகரமாகவும், தரக் குறிக்கோளை மேகவடிவாகவும், பங்கேற்போரை மனித உருவாகவும் வரைவர். பின்னர் உணர்வுக் குறிக்கோளும் இதய வடிவில் இடம்பெற்றது.

ஓர் எடுத்துக்காட்டு

'பாடப்பணியை ஒப்படைத்தல்' என்னும் குறிக்கோளை எடுத்துக்கொள்வோம். எழுதுதல், அனுப்புதல், மதிப்பிடுதல் என்பன அதன் உட்குறிக்கோள்கள். மாணவரும் ஆசிரியரும் பங்கேற்போர். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் உடன்பிறந்தார் பலர் ஒரே கைப்பேசியில் பயின்ற இல்லங்கள் உண்டு. அத்தகைய மாணவரைப் படத்தில் நிறுத்தினால் புதிய தேவைகள் புலனாகும். இணைப்பு அறுந்தாலும் எழுதியது அழியாதிருத்தல் தரக் குறிக்கோள். 'என் பணி போய்ச் சேர்ந்தது' என்னும் மனநிறைவு உணர்வுக் குறிக்கோள். முன்னதிலிருந்து, எழுதுவதைக் கைப்பேசியிலேயே சேமித்துவைக்கும் வசதி பிறக்கிறது. பின்னதிலிருந்து, உடனே கிடைக்கும் ஒப்புகைச் செய்தி பிறக்கிறது. வெறும் பட்டியலில் இவை விடுபடக்கூடும்.

பயனும் எல்லையும்

கணினி அறியாத ஆசிரியரும் இப்படத்தைப் பார்த்து, 'இது விடுபட்டது' என்று சுட்டலாம். இதுவே இம்முறையின் தலையாய பயன். எனினும், யாரைக் கேட்டு வரைந்தோமோ அவர்தம் தேவையையே படம் காட்டும். கேட்கப்படாத மாணவர் படத்தில் இரார். படத்தில் இல்லாதவர்க்கு அமைப்பிலும் இடமிராது. ஆதலின், கடைசி இருக்கை மாணவரிடமிருந்து தேவை திரட்டலைத் தொடங்குவதே அறிவுடைமையாகும்.