மிலிட்டரி வாட்ச் வாங்கலாமா? அக்கா சொல்ற கணக்கு

போன மாசம் தம்பி போன் பண்ணினான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. "அக்கா, ஹாமில்டன்னு ஒரு வாட்ச் பார்த்து வெச்சிருக்கேன். பட்டாளத்துக்காரங்க கட்டுற மாதிரி மாடல். ஐம்பதாயிரத்துக்கு மேல ஆகும், ஆனா ஈ.எம்.ஐ. இருக்கு. வாங்கட்டுமா?"ன்னு கேட்டான். சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசலாம்"னு சொன்னேன். அன்னைக்கு அவன்கிட்ட பேசினதைத்தான் உங்களுக்கும் சொல்றேன்.

நான் பதிமூணு வருஷமா கட்டட வேலையில சைட் இன்ஜினீயர். கான்கிரீட் போடுற அன்னைக்கு மணிக்கு நூறு தரம் நேரம் பார்க்கணும். ரெடிமிக்ஸ் லாரி பிளான்ட்ல சரக்கு ஏத்தினதுல இருந்து 2 மணி நேரத்துக்குள்ள இறக்கியாகணும். கையெல்லாம் சிமென்ட்டா இருக்கும்போது பையில இருக்கிற போனை எடுக்க முடியாது. அதனால எனக்கு வாட்ச் நகை இல்லை, வேலைச் சாமான். அந்தக் கண்ணோடதான் இதையும் பார்க்கிறேன்.

இந்த வாட்ச் பிறந்த கதை

முதல் உலகப் போர்ல பதுங்குகுழிக்குள்ள இருந்தவங்களுக்குப் பையில இருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்க்கிறது பெரிய தொல்லை. மணிக்கட்டுல கட்டுற வாட்ச் ஆம்பளைங்க கையில பரவினது அப்போதான். இரண்டாம் உலகப் போர் முடியுற நேரத்துல பிரிட்டிஷ் ராணுவம் கறுப்பு டயல், பளிச்சுனு எண், இருட்டுல ஒளிரும் முள், தண்ணி புகாத கூடுன்னு ஒரு அளவு எழுதிக் கொடுத்தது. ஒமேகா, லாஞ்சின்ஸ் உட்பட 12 கம்பெனிகள் அதைச் செஞ்சு கொடுத்தாங்க. அமெரிக்காவுல, 1892-ல பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஊர்ல தொடங்கின ஹாமில்டன், 1942-ல பொதுமக்களுக்கு வாட்ச் விக்கிறதையே நிறுத்திட்டு ராணுவத்துக்கு மட்டும் செஞ்சுது.

நமக்கு முக்கியமானது அதுக்கு அப்புறம் வந்த 1964. அமெரிக்க ராணுவம் மில்-டபிள்யூ-46374-ன்னு புதுசா ஒரு அளவு வெளியிட்டது. விலை கம்மியா இருக்கணும், நேரம் ஓரளவு சரியாக் காட்டணும், கெட்டா ரிப்பேர் பண்ணாம தூக்கிப் போட்டுட்டு வேற எடுத்துக்கணும். இதுதான் அதோட நோக்கம். வியட்நாம் போன சிப்பாய்ங்க கட்டினது இந்த வகை. அதாவது அசல் மிலிட்டரி வாட்ச் மலிவா இருக்கணும்னே செஞ்சது. இதை மனசுல வெச்சுக்கிட்டு கடைக்குள்ள போங்க.

1. டயலை ஒரு நொடிதான் பார்க்கணும்

கையை நீட்டிப் பிடிச்சு ஒரே ஒரு நொடி பார்த்துட்டுக் கண்ணை எடுத்துடுங்க. மணி என்னன்னு நிமிஷத்தோட சொல்ல முடிஞ்சா அது நல்ல ஃபீல்டு வாட்ச் (மிலிட்டரி வாட்ச்சைக் கடையில இப்படித்தான் சொல்வாங்க). 1-ல இருந்து 12 வரைக்கும் எண் இருக்கணும். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் நீளத்துல நல்லா வித்தியாசப்படணும். முள்ளு பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா வெயில்ல ஒண்ணும் தெரியாது. டயல்ல பச்சைத் திட்டு, புலித்தோல்னு டிசைன் போட்டதை எல்லாம் தள்ளி வெச்சுடுங்க.

2. மணிக்கட்டுல படுத்துக் கிடக்கணும்

அந்தக் காலத்து ராணுவ வாட்ச் பெரும்பாலும் 34-ல இருந்து 38 மில்லிமீட்டர்தான். இன்னைக்கு 44, 46-னு தட்டு மாதிரி விக்கிறாங்க. வார் மாட்டுற கொம்பு ரெண்டும் மணிக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டு நின்னா, சட்டைக் கையிலயும் கதவு நிலையிலயும் மாட்டும். தங்கச்சிங்களுக்கு இங்கே ஒரு நல்ல சேதி: 36, 37, 38-ல வர்ற ஃபீல்டு வாட்ச் நம்ம கைக்கு அளவா இருக்கும். 'லேடீஸ் மாடல்'னு சின்ன டயலைத் தேடி அலைய வேண்டாம்.

3. 30 மீட்டர்னா 30 மீட்டர் இல்லை

இதுல நான் அடி வாங்கியிருக்கேன். முதல் வருஷம் சைட்டுக்குக் கட்டிக்கிட்டுப் போன வாட்ச்ல '30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு போட்டிருந்தது. 30 மீட்டர் ஆழம் தாங்குற வாட்ச்சுக்குக் குழாய்த் தண்ணி என்ன செய்யும்னு நினைச்சு, தினமும் கையோட சேர்த்துக் கழுவினேன். நாலாம் மாசம் கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்தது. அடுத்த வாரம் முள்ளு நின்னு போச்சு. வாரன்ட்டியில சேராதுன்னு சொல்லிட்டாங்க.

அந்த எண் அசையாத தண்ணியோட அழுத்தத்தை வெச்சு எழுதுற கணக்கு. 30 மீட்டர்னா முகம் கழுவும்போது தெறிக்கிற தண்ணி, சாரல், அவ்வளவுதான். 50 மீட்டர்னா மழையில நனையலாம், கை கழுவலாம். நீச்சல், ஆத்துக் குளியல்னா 100 மீட்டர் வேணும். எந்த வாட்ச்சா இருந்தாலும் வெந்நீர்க் குளியல் வேண்டாம். சூட்டுல உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் சீக்கிரம் கெட்டுப் போகும். செல் மாத்தும்போது "வாஷரையும் பாருங்கண்ணே"ன்னு சொல்ல மறக்காதீங்க.

ஒரு விஷயம் கவனிங்க. ஐம்பதாயிரத்தைத் தாண்டுற ஹாமில்டன் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கல் 50 மீட்டர்தான். கேசியோவோட எம்.ஆர்.டபிள்யூ.-200 ரெண்டு, மூணாயிரம் ரூபாய் விலையில 100 மீட்டர் தாங்கும்.

4. காசு கொடுக்கத் தகுந்தது கண்ணாடி

விலை ஏறும்போது உண்மையிலேயே பிரயோஜனமா கிடைக்கிறது சஃபையர் கண்ணாடி. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ், கடினத்துக்கான மோஸ் அளவுல 7. சாதாரண மினரல் கண்ணாடி அதுக்கும் கீழே. அதனால எம்.சாண்ட் மேல ஒரு தரம் உரசினா கோடு விழும். சஃபையர் 9. மணல் அதை ஒண்ணும் செய்யாது. ஆனா கம்பி முனையில ஓங்கி இடிச்சா சஃபையரும் சில்லு தெறிக்கும். பழைய ராணுவ வாட்ச்ல பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைக் கண்ணாடிதான். கீறல் விழும், ஆனா சுலபமா உடையாது, தேய்ச்சா கீறலும் போயிடும். ஆபீஸ் வேலைன்னா மினரலே போதும். தூசியிலயும் மணல்லயும் வேலைன்னா சஃபையருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

5. 'ரேடியம்' கேளுங்க, ஆனா அசல் ரேடியம் வேண்டாம்

இருட்டுல ஒளிர்றது எதுவா இருந்தாலும் நாம ரேடியம்னுதான் சொல்றோம். ஒரு காலத்துல அசல் ரேடியத்தைத்தான் பூசினாங்க. பூசின பொண்ணுங்க நோயில விழுந்த பிறகுதான் உலகத்துக்கு உறைச்சுது. இன்னைக்கு வர்ற பூச்சுல கதிர்வீச்சு இல்லை. வெளிச்சத்தைக் குடிச்சுட்டு ராத்திரியில உமிழும், நேரம் ஆக ஆக மங்கும். மாரத்தான் மாதிரி சில கம்பெனிகள் டிரிட்டியம் வாயு அடைச்ச சின்னக் குழாய் வைக்கிறாங்க. அதுக்கு வெளிச்சமே வேண்டாம், ஆனா 12 வருஷம் சொச்சத்துல பாதி மங்கிடும். டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன்ல பொத்தானை அழுத்தினா டயலே வெளிச்சமாகும். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்களுக்கு அது வசதி. பழைய போர்க்கால வாட்ச் கையில கிடைச்சா மட்டும் திறந்து நோண்டாதீங்க. ஒளி செத்திருக்கும், ரேடியம் செத்திருக்காது.

6. உள்ளே ஓடுறது எது?

மூணு வகை இருக்கு. ஒண்ணு, செல் போடுறது. மாசத்துக்கு 15, 20 நொடிக்கு மேல பிசகாது. சில வருஷத்துக்கு ஒரு தரம் செல் மாத்தினாப் போதும்.

ரெண்டு, வெளிச்சத்துல ஓடுறது. சிட்டிசன் ஈகோ டிரைவ் இந்த வகை. முழுசா ஏறினா ஆறு மாசம் இருட்டுலயும் ஓடும். அலமாரிக்குள்ள வருஷக்கணக்கா பூட்டி வைக்காம இருந்தாப் போதும்.

மூணு, சாவி கொடுக்கிறதும் கை ஆட்டத்துல தானே ஏறிக்கிறதும். இதுலதான் விலை ஏறும். ஹாமில்டன்ல இருக்கிற ஹெச்-50-க்கு ஒரு தரம் முழுச்சாவி கொடுத்தா 80 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் கழட்டி வெச்சா திங்கக்கிழமை காலையிலயும் ஓடிக்கிட்டு இருக்கும். அது நல்ல வேலைப்பாடு, மறுக்கவே இல்லை. ஆனா நேரம் காட்டுறதுல மலிவான செல் வாட்ச்கிட்ட எந்தச் சாவி வாட்ச்சும் நிக்க முடியாது. செய்கோ தன்னோட 4ஆர்36 இயந்திரத்துக்குத் தர்ற கணக்கே, ஒரு நாளைக்கு 45 நொடி கூடலாம், 35 நொடி குறையலாம்னுதான். நேரம் ஒழுங்காக் காட்டணும்னா வாரம் ஒரு தரம் திருத்திக்கிட்டே இருக்கணும்.

சாவி வாட்ச்சுக்கு இன்னும் ரெண்டு எதிரி உண்டு. ஒண்ணு காந்தம்: ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் மூடி, லேப்டாப் பக்கத்துல வைக்காதீங்க. திடீர்னு நிமிஷக்கணக்குல வேகமா ஓடினா பயப்படாதீங்க, வாட்ச் கடையில காந்தத்தை எடுத்துத் தருவாங்க. இன்னொண்ணு அதிர்ச்சி: டிரில்லிங் மிஷின் பிடிக்கும்போது கழட்டி வைங்க. ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பிரிச்சு, துடைச்சு, எண்ணெய் போடணும். அந்தச் செலவு எவ்வளவு, எந்த ஊர்ல செய்வாங்கன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

7. துணி வார் போட்டுக்கோங்க

ஒரே துண்டா வாட்ச்சுக்கு அடியில போற நைலான் வார் பிரிட்டிஷ் ராணுவத்துல 1973-ல வந்தது. ஒரு பக்கத்துப் பின் உடைஞ்சாலும் வாட்ச் கீழே விழாது. வேர்வை நாத்தம் வந்தா சோப்புப் போட்டுக் கசக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்குத் தோல் வார் ஒரு வருஷம் தாங்கினாப் பெரிசு.

8. 'பழைய ஆர்மி வாட்ச்' வலையில விழாதீங்க

1961-ல சிட்டிசன் கூட்டோட பெங்களூர்ல தொடங்கின ஹெச்.எம்.டி. வாட்ச் மேல நமக்கெல்லாம் பாசம் உண்டு. அந்தப் பாசத்தை வெச்சே ஆன்லைன்ல வியாபாரம் நடக்குது. எங்கெங்கேயோ கிடைச்ச உதிரிகளைச் சேர்த்து, டயலைப் புதுசாப் பெயின்ட் அடிச்சு, 'ஆர்மி', 'மிலிட்டரி'ன்னு எழுதி விக்கிறாங்க. பழைய வாட்ச்சுக்கு டயல் மட்டும் புத்தம் புதுசா மின்னினா சந்தேகப்படுங்க. எழுத்து கோணலா இருந்தாலும், கம்பெனி போடாத நிறத்துல டயல் இருந்தாலும் நகர்ந்துடுங்க. புது வாட்ச் எதுவா இருந்தாலும் பில்லும் கடை முத்திரை போட்ட வாரன்ட்டி கார்டும் கையில வந்த பிறகுதான் பணம்.

சரி, எந்த விலைக்கு எது?

ரெண்டுல இருந்து ஐந்தாயிரம் வரைக்கும் கேசியோ, டைமெக்ஸ் போதும். ஃபீல்டு வாட்ச் செய்ய வேண்டிய வேலையை முழுசாச் செய்யும். பத்தாயிரத்தைத் தாண்டி ஒரு படி ஏறினா சிட்டிசன் பி.எம்.8180. 37 மில்லிமீட்டர், 100 மீட்டர், கிழமையும் தேதியும் உண்டு, செல் மாத்துற வேலை இல்லை. என் கையில ஏழு வருஷமா இருக்கிறது இதுதான். கண்ணாடியில நாலு கோடு விழுந்திருக்கு, ஒரு நாள் கூட நின்னதில்லை. இருபதாயிரத்துக்கு மேல போனா செய்கோ 5-ஓட ஃபீல்டு மாடல். கை அசைவுல தானே ஓடும், 100 மீட்டர் தாங்கும். இயந்திரம் மேல ஆசை இருக்கிறவங்க இங்கே நின்னுக்கலாம்.

ஹாமில்டன்? உதாரணத்துக்கு 55,000 ரூபாய் வாட்ச், பத்து வருஷத்துல ரெண்டு சர்வீஸுக்கு 16,000-னு வெச்சுக்கோங்க. மொத்தம் 71,000. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 ரூபாய். தினமும் கட்டி, தினமும் சாவி கொடுத்து, பத்து வருஷம் வெச்சுக்கிறவங்களுக்கு அது நியாயமான விலைதான். ரெண்டு மாசம் கட்டிட்டு அலமாரியில போடுறவங்களுக்கு அது தண்டம். நல்லாத் தெரிஞ்சுக்கோங்க: கூடுதலாக் கொடுக்கிற காசு சஃபையருக்கும், இயந்திரத்துக்கும், அந்தப் பேருக்குப் பின்னால இருக்கிற சரித்திரத்துக்கும். நேரம் தெரிஞ்சுக்க இல்லை.

தம்பிகிட்ட மூணு கேள்வி கேட்டேன். கடன் இல்லாம வாங்க முடியுமா? ஆறு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கா? இதுவரைக்கும் ஒரு வாட்ச்சையாவது ஒரு வருஷம் விடாமக் கட்டியிருக்கியா? மூணுக்கும் "இல்லைக்கா"ன்னான். அன்னைக்கே கடைக்குப் போய் ஒரு கேசியோ வாங்கினோம். அடுத்த நாள் பேங்க்ல மாசம் ஐயாயிரத்துக்கு ஒரு வருஷ ஆர்.டி. போட்டான். ஒரு வருஷம் கழிச்சும் அந்த ஆசை அப்படியே இருந்தா, கையில ரொக்கம் இருக்கும். போய் வாங்கிக்கட்டும், நானே கூடப் போவேன்.

உங்களுக்கும் அதேதான் சொல்றேன். மிலிட்டரி வாட்ச் நல்ல வாட்ச், தாராளமா வாங்குங்க. ஆனா அதைக் கடன்ல மட்டும் வாங்காதீங்க.