இயந்திர எண்ணெயை மாற்றுவது எப்போது?

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் வீடும் வேலையும் அருகருகே இருந்தன. தொழிலாளர்கள் விடியற்காலையில் பால்மரம் வெட்ட நடந்தே சென்றனர். பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. தோட்டத்தை விட்டு வெளியேறிய பல குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஈப்போவின் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலை செய்கின்றனர். அவர்களுள் பலருக்கு மோட்டார் சைக்கிளே கால். அது வழியில் நின்றுவிட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். இயந்திரம் இறுகிவிட்டால் பழுதுபார்க்கும் செலவும் சேரும்.

இயந்திர எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தைக் கடத்துகிறது, கரியையும் உலோகத் துகள்களையும் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கியருக்கும் கிளட்ச்சுக்கும் இதே எண்ணெய்தான். ஆகவே, அது விரைவில் தன் ஆற்றலை இழக்கிறது.

எண்ணெய் கறுத்தால்தான் மாற்ற வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. நல்ல எண்ணெயும் அழுக்கை ஏந்துவதால் விரைவில் கறுக்கும். ஆனால், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். உடனே பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

எண்ணெயை மாற்ற வேண்டிய காலத்தைத் தூரமும் நாளும் காட்டும். சிறிய மோட்டார் சைக்கிள்களுக்குப் பொதுவாக 2,000 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றப்படுகிறது. சரியான அளவை வாகனக் கையேட்டில் காணலாம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்று திரும்பும் ஒருவர், மாதம் 25 நாள் வேலை செய்தால் 1,500 கிலோமீட்டரைக் கடக்கிறார். இரண்டே மாதங்களில் 3,000 கிலோமீட்டர் ஆகிவிடும்.

தோட்டத்திலிருந்து அருகிலுள்ள கடைக்கு மட்டும் செல்பவரின் நிலை வேறு. அவரது மீட்டரில் தூரம் குறைவாகவே இருக்கும். எனினும், குறுகிய பயணத்தில் இயந்திரம் போதிய அளவு சூடாவதில்லை. அதனால் நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. செம்மண் சாலையின் புழுதியும் கேடு செய்யும். இத்தகையவர் தூரத்தை மட்டும் நம்பாமல் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மாற்றிய நாளையும் மீட்டர் எண்ணையும் ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது. வெள்ளம் வருமுன் அணை போடுவது வாகனப் பராமரிப்புக்கும் பொருந்தும்.